பாடலின் ‘நான்’ யார்?: ராப் பாடல்களில் அதிகாரம், செல்வம், குற்றம் – கூற்று நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ராப் பாடல்களில் குற்றம், செல்வம், அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தே வருகின்றன. நீதிமன்றம் இப்பாடல்களைக் குற்ற ஒப்புதலாக வாசிக்கிறது. சந்தை அவற்றைப் பாடகரின் சொந்த வாழ்க்கையாக விற்கிறது. இவ்விரு வாசிப்புகளும் ‘பேசுபவர் யார்’ என்னும் கேள்வியைத் தவிர்த்துவிடுகின்றன. 1990களின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரில் பாடிய நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., நாஸ், ஜே-ஸி ஆகியோரின் பாடல்கள் சிலவற்றை முதன்மைத் தரவாகக் கொண்டு, தமிழ்ப் பொருளிலக்கணம் தரும் ‘கூற்று’ என்னும் கருத்தாக்கத்தின் துணையுடன் அக்கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ராப், சொல்லிசை, கூற்று, நெடுமொழி, குற்றம், செல்வம், நீதிமன்றச் சான்று.

முன்னுரை

2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மேக் ஃபிப்ஸ் என்னும் ராப் பாடகர்மீது கொலை வழக்கு நடைபெற்றது. அவர் பாட இருந்த இரவு விடுதியில் இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். வேறொருவர் தாமே சுட்டதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஆயினும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஃபிப்ஸின் பாடல்களை ஜூரியினர்முன் வைத்தார். அவர் வைத்த முறைதான் இங்குக் கவனத்துக்குரியது. இருவேறு பாடல்களில் இருந்த சொற்களை எடுத்து, ஒரே பாடலின் தொடர்ச்சியான அடிகள்போல் இணைத்து அவர் வாசித்தார். ஃபிப்ஸுக்கு 30 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தபின், 2021இல் கருணை அடிப்படையில் அவர் விடுவிக்கப்பட்டார்.

ஒரு பாடலின் அடியைப் பெயர்த்து மற்றொரு பாடலின் அடியோடு ஒட்டினால் பொருள் மாறும் என்பது இலக்கியம் பயில்வோர் அனைவரும் அறிந்த செய்தி. பாடபேத ஆய்வில் இத்தகைய பிழை நேர்ந்தால் ஒரு பதிப்பின் மதிப்புக் குறையும். இங்கு ஒரு மனிதரின் வாழ்நாளில் இருபது ஆண்டுகள் குறைந்தன. பாடலை எவ்வாறு வாசிப்பது என்னும் வினா வகுப்பறைக்கு வெளியே இவ்வளவு கடுமையான விளைவைக் கொண்டிருப்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்கான முதற்காரணம்.

இவ்வாய்வாளர் இப்பொருள் குறித்துக் கருத்தரங்கொன்றில் பேசியபோது, ‘கொலையும் போதைப்பொருளும் பேசும் பாட்டை இலக்கியமாகக் கொள்ளலாமா’ என்று வினவப்பட்டது. அவ்வினா நேர்மையானது, எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. இப்பாடல்களில் வரும் கொடுமைகள் கற்பனை என்று சொல்லிவிட்டால் மட்டும் அதற்கு விடை கிடைத்துவிடாது. விடையின் ஒரு பகுதியை இறுதிப் பகுதியில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

கூற்றும் பெயரும்

ஒரு பாடலை வாசிக்கத் தொடங்கும் முன்பே ‘இது யார் கூற்று’ என்று வினவும் பழக்கம் தமிழ் மரபில் ஆழ வேரூன்றியது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனக் கொளுக்கள் வகுத்துரைக்கின்றன. தலைவியின் ஏக்கத்தைப் பாடிய புலவர் ஆணாயினும் யாரும் வியப்பதில்லை. அகப்பாடலில் இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுக்கும் நெறி. பெயர் நீங்கியதால் அங்குப் பேசுபவர் ஒரு பாத்திரமாகிறார். புறப்பாடலின் நிலை வேறு. அங்குப் பெயர் உண்டு. ஊரும் போரும் உண்டு. புறநானூற்றில் பூதப்பாண்டியனும் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனும் உரைக்கும் வஞ்சினங்களில் ‘நான்’ என்பது வரலாற்றில் வாழ்ந்த ஒருவரைக் குறிக்கிறது. வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை ‘நெடுமொழி கூறல்’ என்னும் துறையாக வகைப்படுத்துகிறது.

ராப் பாடலின் ‘நான்’ இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. புறப்பாடலைப் போல அது பெயரோடும் தெருவோடும் வருகிறது. செய்கையிலோ அது அகப்பாடலின் பாத்திரத்தை ஒத்திருக்கிறது. பெயரையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்டோபர் வாலஸ் என்னும் புரூக்ளின் இளைஞர் தமக்குச் சூட்டிக்கொண்ட ‘பிக்கி ஸ்மால்ஸ்’ என்னும் பெயர் 1975இல் வெளிவந்த நகைச்சுவைத் திரைப்படமொன்றில் வரும் தாதாவின் பெயர். அதாவது, அவர் வாய் திறந்து முதற்சொல்லைப் பாடும் முன்பே ஒரு வேடம் புனையப்பட்டுவிட்டது. நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்று பின்னர் உலகம் அறிந்த பெயரிலும் அவ்வேடத்தின் நிழல் உண்டு.

தமிழ் இலக்கணக் கருவியை அயல்நாட்டுப் பாடலின்மேல் வலிந்து பொருத்துவது இங்கு நோக்கமன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாய்மொழி மரபிலேயே இத்தகைய வேடத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1895ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் செயின்ட் லூயிஸ் நகரின் மதுக்கடையொன்றில், தொப்பி ஒன்றைக் குறித்து எழுந்த சண்டையில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸ் என்பவரைச் சுட்டார். அந்நிகழ்ச்சியிலிருந்து ‘ஸ்டேகர் லீ’ என்னும் அஞ்சாத முரடன் பாட்டிலும் கதையிலும் பிறந்தான். தலைமுறை தலைமுறையாகப் பலர் அவனைப் பாடினர். பாடியவர் எவரையும் கொலைகாரர் என்று யாரும் கருதவில்லை.

சட்டமும் தெருவும்

ஹிப்-ஹாப்பின் பிறப்பு 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, பிராங்ஸ் பகுதியில் 1520, செட்விக் அவென்யூ என்னும் முகவரியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்த விருந்து நிகழ்ச்சியிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதே ஆண்டில்தான் நியூயார்க் மாநில ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் கடுமையான போதைப்பொருள் சட்டங்களைக் கொண்டுவந்தார். குறிப்பிட்ட அளவு போதைப்பொருளை விற்றவருக்குக் குறைந்தது 15 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்பது அச்சட்டத்தின் சாரம். ஒரே மாநிலத்தில் ஒரே ஆண்டில் ஒரு கலைவடிவமும், அதன் பாடுபொருளை நிர்ணயிக்கவிருந்த சட்டமும் தோன்றியதைத் தற்செயல் என்றே கொள்ளலாம். ஆனால் அதன்பின் இவ்விரண்டின் வரலாறும் தனித்தனியே செல்லவில்லை.

1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் வெளியிட்ட ‘தி மெசேஜ்’ பாடலில் குற்றம் ஓர் எச்சரிக்கையாக வருகிறது. சேரியில் பிறந்த குழந்தை கண்முன் காணும் சட்டவிரோதச் செல்வத்தை வியந்து வளர்ந்து, வழிப்பறியில் இறங்கிச் சிறையில் மாள்கிறது. அங்குப் பாடுபவர் அக்குழந்தையை முன்னிலையில் வைத்துப் பேசுகிறார். குற்றம் புரிபவன் ‘நீ’. பத்தாண்டுகளுக்குள் அந்த ‘நீ’ ‘நான்’ ஆயிற்று. ராப் வரலாற்றில் நிகழ்ந்த இடமாற்றங்களுள் இதுவே பெரிது என்பேன். மேற்குக் கடற்கரையில் ஐஸ்-டி, என்.டபிள்யூ.ஏ. ஆகியோரின் வழியாக இம்மாற்றம் நிகழ்ந்த வரலாறு பலரால் எழுதப்பட்டிருப்பதால் இங்கு விரிக்கப்படவில்லை.

இடைப்பட்ட காலத்தில் நடந்தது கிராக் என்னும் மலிவான கொக்கைன் வடிவத்தின் பெருக்கம். 1986ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் 5 கிராம் கிராக் விற்க முனைந்தவருக்கும் 500 கிராம் தூள் கொக்கைன் விற்க முனைந்தவருக்கும் ஒரே ஐந்தாண்டுக் கட்டாயத் தண்டனையை அளித்தது. கிராக் வழக்குகளில் தண்டிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இந்த 100-க்கு-1 விகிதம் 2010இல்தான் 18-க்கு-1 எனக் குறைக்கப்பட்டது. இனி வரும் பாடல்களில் எடை, அளவு, ஆண்டு, டாலர் என எண்கள் இடையறாது ஒலிப்பதை இப்பின்புலத்தில் கேட்க வேண்டும். சட்டமே ஒரு மனிதனின் ஆயுளைக் கிராமில் அளந்த காலம் அது.

பாடல்கள் காட்டும் செல்வம் அத்தொழிலில் இருந்த அனைவருக்கும் கிட்டியதா என்றால் இல்லை. சிகாகோ கும்பலொன்றின் கணக்கேடுகளை ஆராய்ந்து ஸ்டீவன் லெவிட், சுதிர் வெங்கடேஷ் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, தெருமுனையில் நின்று விற்றவர்களின் வருமானம் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே இருந்ததைக் காட்டியது. தலைமையில் இருந்த சிலரே செழித்தனர். எனவே ராப் பாடலில் வரும் செல்வந்தக் குற்றவாளி தெருவின் சராசரி மனிதன் அல்லன். தெருவில் நிற்பவன் காணும் கனவு.

செல்வம்: கணக்குப் பேசும் பாடல்

நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் முதல் தொகுப்பான ‘ரெடி டு டை’ 1994 செப்டம்பரில் வெளிவந்தது. அதிலுள்ள ‘ஜூஸி’ வறுமையிலிருந்து வளமைக்கு ஏறிய ஒருவனின் வாக்குமூலமாக இன்றளவும் போற்றப்படுகிறது. பாடலுக்கு முன்னர் வரும் பேச்சில், தான் உருப்பட மாட்டான் என்ற ஆசிரியர்களுக்கும், வீட்டு வாசலில் நின்று விற்றபோது காவல்துறையை அழைத்த குடியிருப்பாளர்களுக்கும் பாடல் காணிக்கையாக்கப்படுகிறது. மகளுக்குச் சோறிடவே விற்றதாக அவன் சொல்கிறான். பின்னர்ப் பாடல் பொருள்களின் பட்டியலாகிறது: அன்று டப்பாவில் அடைத்த மத்தி மீன், இன்று பெருந்திரைத் தொலைக்காட்சி, அன்று வெப்பமூட்ட வழியில்லாத அறை, இன்று ஓட்டுநரோடு கூடிய நீண்ட கார். செல்வம் இங்குப் பண்பாகவோ புகழாகவோ பேசப்படவில்லை. வரவும் செலவும் எதிரெதிர்ப் பத்திகளில் எழுதப்பட்ட பேரேடுபோல் பாடல் அமைந்திருக்கிறது.

இப்பாடலைத் தன்வரலாறாகக் கொள்வோர் ஒரு செய்தியை எதிர்கொள்ள வேண்டும். பாடல் கூறுவதுபோல் ஒற்றையறைக் குடிலில் தம் மகன் வளரவில்லை என்று அவர் தாயார் வொலெட்டா வாலஸ் மறுத்துள்ளார். அவர் பள்ளி ஆசிரியர்; மகனை வசதியாகவே வளர்த்தவர். எனில் பாடல் பொய்யா? தாயின் மறுப்பு உண்மை. பாடலும் தன்னளவில் உண்மை. அக்குடில் கிறிஸ்டோபர் வாலஸுடையதன்று, கூற்றுக்குரிய பாத்திரத்தினுடையது. அத்தெருவில் அத்தகைய குடில்கள் இருந்தன. அவற்றில் வளர்ந்தவர்கள் இப்பாடலைத் தமதென்றே கேட்டனர்.

கணக்குமொழி உச்சம் பெறுவது ‘டென் கிராக் கமாண்ட்மென்ட்ஸ்’ பாடலில். 1997 மார்ச் 9 அன்று பாடகர் லாஸ் ஏஞ்சலஸில் சுட்டுக் கொல்லப்பட்டு இரு வாரங்கள் கழித்து வெளிவந்த தொகுப்பில் அது உள்ளது. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை நினைவூட்டும் தலைப்பின்கீழ்ப் போதைப்பொருள் விற்பவனுக்கான பத்து விதிகள் எண்ணிட்டுச் சொல்லப்படுகின்றன. அவ்விதிகளை ஊன்றிக் கேட்டால், அவற்றுள் பெரும்பாலானவை மளிகைக் கடைக்காரர் தம் மகனுக்குச் சொல்லக்கூடியவை: கையிருப்பை வெளியே சொல்லாதிருத்தல், கடன் கொடாமை, குடும்பத்தையும் தொழிலையும் கலக்காமை, தாங்க முடியாத அளவுக்குச் சரக்கைப் பொறுப்பேற்காமை. ‘கொலை செய்’ என்று ஒரு விதியும் கட்டளையிடவில்லை. ஆனால் ஒவ்வொரு விதியின் பின்னும் கொலை காத்து நிற்கிறது. விதியை மீறுபவனுக்கு நேரும் இழப்பு பணமாக மட்டும் இராது என்னும் அச்சமே பாடலை இயக்குகிறது. அறநூலின் வடிவம், வணிகத்தின் உள்ளடக்கம், சாவின் நிழல் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ள இப்பாடலை வெறும் குற்றக் கையேடாகக் கேட்பவர் அதன் அங்கதத்தைத் தவறவிடுகிறார்.

ஜே-ஸியின் ‘ரீசனபிள் டவுட்’ 1996 ஜூனில் வந்தது. ‘நியாயமான ஐயம்’ என்னும் அத்தலைப்புக் குற்றவியல் சட்டத்தின் கலைச்சொல். ஐயத்துக்கு அப்பால் மெய்ப்பிக்கப்படாவிடில் தண்டிக்க இயலாது என்னும் கோட்பாட்டைக் குறிப்பது. கேட்பவரை ஜூரியின் இருக்கையில் அமர்த்திவிட்டே இத்தொகுப்புத் தொடங்குகிறது. அதை வெளியிட ஜே-ஸி, டேமன் டாஷ், கரீம் பர்க் ஆகியோர் நிறுவிய நிறுவனத்தின் பெயர் ‘ராக்-ஏ-ஃபெல்லா’. எண்ணெய் வணிகத்தில் பெருஞ்செல்வம் குவித்த குடும்பத்தின் பெயரைத் தெருமொழியில் திரித்தது அது. அதே குடும்பத்தின் வாரிசுதான் முன்னர்க் குறிப்பிட்ட 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆளுநர். நிறுவியவர்கள் இதனை எண்ணினார்களோ இல்லையோ, செல்வமும் சிறையும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன.

இத்தொகுப்பின் சிறந்த பாடல்கள் உரையாடல்களாக அமைந்தவை. ‘கமிங் ஆஃப் ஏஜ்’ பாடலில் மூத்த வணிகன் ஒருவன் இளையவனைச் சோதிக்கிறான். ஆயிரம் டாலர் தருவதாகச் சொல்ல, இளையவன் அதை மறுத்து நெடுங்காலப் பங்கையே விரும்புகிறான். அம்மறுப்பால் அவன் தேர்வில் வெல்கிறான். வங்கியொன்றின் நேர்காணலை இதிலிருந்து வேறுபடுத்துவது சரக்கு மட்டுமே. ‘ரிக்ரெட்ஸ்’ (வருத்தங்கள்) என்னும் பாடலோடு தொகுப்பு முடிகிறது. கொண்டாட்டத்தில் தொடங்கி வருத்தத்தில் முடியும் இவ்வடைவை மறந்து, இடையிலுள்ள ஓரிரு பாடல்களை மட்டும் எடுத்துக் குற்றப் புகழ்ச்சி என்பது ஒரு காப்பியத்தின் நடுவிலிருந்து ஒரு காதையை மட்டும் கிழித்து எடுப்பதற்கு ஒப்பாகும்.

அதிகாரம்: துப்பாக்கியின் ‘நான்’

குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த நாஸ், 1996இல் பாடிய ‘ஐ கேவ் யூ பவர்’ இக்கட்டுரைக்கு மையச் சான்று. அதில் பேசுவது ஒரு துப்பாக்கி. கை மாறி, இருட்டில் ஒளித்துவைக்கப்பட்டு, தான் கொன்றவர்களை எண்ணிச் சலித்துப்போன அது, ஒருநாள் தன் உரிமையாளன் விசையை அழுத்தும்போது வேண்டுமென்றே சிக்கிக்கொள்கிறது. அவன் வீழ்கிறான். இனி விடுதலை என்று அது எண்ணும் வேளையில் வேறொரு கை அதைத் தரையிலிருந்து எடுக்கிறது.

தலைப்பு ‘நான் உனக்கு அதிகாரம் தந்தேன்’ என்னும் பொருளது. தந்தது யார்? தரப்பட்டது யாருக்கு? கருவியைக் கையில் கொண்டவன் அதிகாரம் தன்னுடையது என்று கருதுகிறான். கருவியோ அவன் தன்னால் இயக்கப்படுவதை அறிகிறது. துப்பாக்கிக்கும் விடுதலை இல்லை. அதிகாரம் எவரிடமும் தங்குவதில்லை. ஒரு கையிலிருந்து மறுகைக்குச் செல்கிறது. இதைச் சமூகவியலின் நடையில் சொல்லப் பல பக்கங்கள் தேவைப்படும். அஃறிணைப் பொருளுக்குக் கூற்றளித்து நாஸ் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார். இப்பாடலை அவர்மீதான வழக்கில் ஒப்புதலாக வைக்க முனைவோர், அவரைத் துப்பாக்கி என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்!

காவலரின் அதிகாரம் பேசும் பாடலுக்கு ஜே-ஸி 2003இல் வெளியிட்ட ‘99 ப்ராப்ளம்ஸ்’ பாடலின் இரண்டாம் பகுதி எடுத்துக்காட்டு. 1994இல் காரில் சரக்கோடு செல்லும் இளைஞனைக் காவலர் நிறுத்துகிறார். கேள்வியும் விடையுமாகச் செல்லும் அப்பகுதியில் இரு குரலையும் ஜே-ஸியே பாடுகிறார். இளைஞனிடம் துப்பாக்கி பேசுவதில்லை. சட்ட அறிவு பேசுகிறது. சோதனை ஆணை இன்றிப் பூட்டிய பெட்டியைத் திறக்க இயலாது என்று அவன் வாதிடுகிறான். கேலப் மேசன் என்னும் சட்டப் பேராசிரியர் 2012இல் இப்பகுதியை அடியடியாக ஆராய்ந்து சட்ட இதழொன்றில் கட்டுரை எழுதினார். இளைஞனின் சட்ட அறிவு ஓரிடத்தில் பிழைபட்டது, வாகனத்தைச் சோதிக்கத் தக்க காரணம் இருந்தால் ஆணை தேவையில்லை என்று அவர் காட்டினார். அப்பிழையே கூற்றின் அழகு என்று தோன்றுகிறது. தெருவில் கேட்டறிந்த சட்டத்தை நம்பி அதிகாரத்தின்முன் நிமிர்ந்து நிற்பவன், முழுமையான சட்டத்தை அறிந்தவனாக இருந்தால்தான் நம்ப முடியாதவனாகியிருப்பான்.

சந்தையின் வாசிப்பு

இதுவரை கூறியவற்றால் பாடகர்கள் கூற்றின் இயல்பை அறிந்தவர்கள் என்பது விளங்கும். ஆயின் அவர்களே அதை மறைத்தும் வந்துள்ளனர். ‘உண்மையாக வாழ்ந்ததையே பாடுகிறேன்’ என்பது ராப் உலகின் முதன்மையான விற்பனைச் சொல். இவ்விடத்தில் நியூயார்க்கை விட்டு ஃபுளோரிடாவுக்குச் செல்ல வேண்டியுள்ளது. ரிக் ராஸ் என்னும் பெயரில் பாடிய வில்லியம் ராபர்ட்ஸ், 2006இல் ‘ஹஸ்லின்’ பாடலால் புகழ் பெற்றவர். அவர் பெயர், 1980களில் கலிபோர்னியாவில் பெரும் போதைப்பொருள் வணிகராக இருந்த ‘ஃபிரீவே’ ரிக் ராஸின் பெயரிலிருந்து வந்தது. அவர் இளமையில் சிறைக் காவலராகப் பணியாற்றியவர் என்பது 2008இல் ஆவணங்களோடு வெளிப்பட்டது. சிறைக்கு அஞ்சாத கடத்தல்காரனின் குரல், சிறையைக் காத்தவரின் குரலாக இருந்தது. அதனால் அவர் புகழ் சரியவில்லை. அடுத்தடுத்த தொகுப்புகளும் விற்றன.

பின்னர் அசல் ரிக் ராஸ் தம் பெயரையும் வாழ்க்கையையும் பயன்படுத்தியதற்காக வழக்குத் தொடுத்தார். கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் அவ்வழக்கைத் தள்ளியது. ஒருவரின் பெயரும் வாழ்க்கைச் செய்திகளும் மூலப்பொருள்களாக மட்டுமே எடுக்கப்பட்டு, அவற்றிலிருந்து புதியதொரு கலைப்படைப்பு உருவாகியுள்ளது. கருத்துரிமை அதனைக் காக்கும் என்பது தீர்ப்பின் சாரம். பொருளிலக்கண மாணவர் ஒருவர் எழுதியிருந்தாலும் கூற்றை இதைவிடத் தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

நீதிமன்றத்தின் வாசிப்பு

பணமும் பெயரும் பூசலான உரிமையியல் வழக்கில் பாடல் கலையாயிற்று. உயிரும் விடுதலையும் பூசலான குற்ற வழக்குகளில் அதே வகைப் பாடல் ஒப்புதலாகிறது. எரிக் நீல்சன், ஆண்ட்ரியா டென்னிஸ் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ‘ராப் ஆன் ட்ரயல்’ என்னும் நூல் இத்தகைய வழக்குகள் பலவற்றைத் தொகுத்துள்ளது. அவற்றில் பெரும்பாலோர் புகழ்பெற்றவர்கள் அல்லர். குறிப்பேட்டில் எழுதிப் பழகிய இளைஞர்கள். நியூ ஜெர்சியில் கொலை முயற்சி வழக்கொன்றில், குற்றத்துக்கு நெடுநாள் முன்னரே எழுதப்பட்டவை அடங்கிய 13 பக்கப் பாடல் வரிகள் ஜூரியினர்முன் வாசிக்கப்பட்டன. 2014இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்றது. பாப் மார்லி ஷெரிப்பைச் சுட்டதாகவோ, எட்கர் ஆலன் போ பிணத்தைத் தரைப் பலகைக்கடியில் புதைத்ததாகவோ எவரும் கொள்வதில்லை என்று அத்தீர்ப்புச் சுட்டிக்காட்டியது.

ராப் மட்டும் ஏன் வேறாக வாசிக்கப்படுகிறது? உளவியலாளர் கேரி ஃபிரைட் 1990களில் நடத்திய சோதனை இதற்கு விடை தருகிறது. 1960இல் வெள்ளையினக் குழுவொன்று பாடிய, காவலரைக் கொன்றவனைப் பற்றிய நாட்டுப்புறப் பாடலின் வரிகளை அவர் மக்களிடம் கொடுத்தார். சிலரிடம் அது ராப் என்றும், வேறு சிலரிடம் கண்ட்ரி இசை என்றும் கூறப்பட்டது. ராப் என்று எண்ணியவர்களுக்கு அதே சொற்கள் கூடுதல் ஆபத்தாகத் தோன்றின. சொற்களில் இல்லாத குற்றத்தை வகைப்பெயர் சேர்த்தது. வகைப்பெயருக்குப் பின்னால் நிறம் இருந்தது.

2022இல் கலிபோர்னியா, படைப்புகளைச் சான்றாக ஏற்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு ஜே-ஸி உள்ளிட்ட பலர் ஆதரித்துக் கையொப்பமிட்ட நியூயார்க் மசோதா செனட்டில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. ஜார்ஜியாவில் யங் தக் என்னும் பாடகர்மீது 2022இல் தொடுக்கப்பட்ட கும்பல் வழக்கில், 17 பாடல் பகுதிகளை நிபந்தனையோடு முன்வைக்க நீதிபதி 2023 நவம்பரில் அனுமதித்தார். அம்மாநில வரலாற்றிலேயே மிக நீண்ட அவ்வழக்கில், 2024 அக்டோபர் இறுதியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, காவலில் கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு, 15 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு அவர் வெளிவந்தார்.

இங்கு நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உண்மையான குற்றத்தை உண்மையாகவே பாடியவர்களும் இருக்கக்கூடும். கூற்று என்னும் கருத்தாக்கம் எவருக்கும் குற்றமின்மைச் சான்றிதழ் வழங்குவதில்லை. வேறு சான்று இருப்பின் அச்சான்றைக் கொண்டு வழக்கை மெய்ப்பிக்கட்டும் என்பதே அது கேட்பது. மேலும் சந்தையில் ‘இது என் வாழ்க்கை’ என்று விற்றவர், நீதிமன்றத்தில் ‘இது என் கற்பனை’ என்னும்போது எழும் முரணை ஆய்வாளர்கள் பாடகர்மீதுள்ள பரிவால் மூடிமறைக்க வேண்டியதில்லை. அம்முரணில் ஆதாயம் பெற்றவை பாடல் நிறுவனங்கள். விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் குறிப்பேட்டு இளைஞர்கள்.

கூற்று மன்னிக்காதவை

முன்னுரையில் சுட்டிய கருத்தரங்க வினாவுக்கு இப்போது திரும்பலாம். நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ‘கிம்மி தி லூட்’ பாடலில் இரு வழிப்பறிக்காரர்கள் பேசிக்கொள்கின்றனர். இரு குரலும் அவருடையதே. இளையவனின் குரல் சற்று உயர்ந்து ஒலிக்கிறது. நாடகத் திறனில் இது அவருடைய உச்சங்களுள் ஒன்று. அதே பாடலில் கர்ப்பிணிப் பெண்ணிடம் கொள்ளையிடுவது பெருமையாகப் பேசப்படுகிறது. தொகுப்பு வெளியானபோதே அவ்விடத்தின் சொற்கள் மறைக்கப்பட்டன. பேசுவது பாத்திரம்தான். எனினும் அப்பாத்திரத்தைப் படைக்கும்போது யாரை இரையாகத் தேர்ந்தெடுப்பது என்பது பாடகரின் தேர்வு. அத்தேர்வுக்கு அவர் பொறுப்பாளர். நீதிமன்றத்தில் அன்று, விமரிசனத்தில். பெல் ஹூக்ஸ் 1994இல் வெளியிட்ட ‘அவுட்லா கல்ச்சர்’ நூலில் இப்பாடல்களின் பெண் வெறுப்பைக் கடிந்துகொண்டே, அது கறுப்பின இளைஞரிடம் மட்டும் முளைத்த நோயன்று, அமெரிக்கப் பெருஞ்சமூகத்தின் ஆணாதிக்க, முதலாளிய விழுமியங்களின் வெளிப்பாடு என்று வாதிட்டார். இரண்டையும் சேர்த்துச் சொன்னதே அவர் வாதத்தின் வலிமை.

‘ரீசனபிள் டவுட்’ தொகுப்பிலுள்ள ‘டி’ஈவில்ஸ்’ பாடலை இந்நோக்கில் மீண்டும் கேட்கலாம். இளமைத் தோழர்கள் இருவர் பணத்தால் பகைவராகின்றனர். தோழன் இருக்குமிடத்தை அறிய, அவன் குழந்தையின் தாயைக் கடத்திவந்து அவள் வாயில் பணத்தாள்களைத் திணிக்கிறான் பேசுபவன். அவள் சுவை சரியில்லை என்கிறாள். அவன் பெருமதிப்புத் தாள்களை ஊட்டுகிறான். அவள் பேசும்வரை ஊட்டுகிறான். செல்வம், அதிகாரம், குற்றம் ஆகிய மூன்றும் ஒரு பெண்ணின் வாய்க்குள் ஒன்றாகும் இவ்விடத்தைவிடக் கொடியதும் கூரியதுமான படிமம் இப்பாடற்பரப்பில் இவ்வாய்வாளருக்கு எதிர்ப்படவில்லை. ஆனால் அவள் சொன்னதாக நாம் அறிவது முழுவதும் கடத்தியவன் கொண்டெடுத்து மொழிவதே. துப்பாக்கிக்குக் கூற்றளித்த அதே 1996ஆம் ஆண்டில் அப்பெண்ணுக்குத் தனிக் கூற்று கிடைக்கவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் லில் கிம், ஃபாக்ஸி பிரவுன் ஆகிய இரு நியூயார்க் பெண்கள் தம் முதல் தொகுப்புகளை வெளியிட்டனர். பணமும் அதிகாரமும் குற்றமும் அவற்றில் பெண்ணின் ‘நான்’ ஆகப் பேசுகின்றன. அவ்வடிகளில் எவ்வளவு பகுதி நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., ஜே-ஸி ஆகியோர் எழுதியது என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆண் எழுதிய பெண் கூற்றை நெடுங்காலம் வாசித்துப் பழகிய தமிழ் ஆய்வாளர்கள் அத்தொகுப்புகளிலிருந்து தொடங்கலாம்.